அஞ்சு வருசம் ஆணி பொறுக்கிய கதை

போன ஞாயிறு வெள்ளவத்தையில் தேத்தண்ணிக் கடையில் இருக்கும்போது மச்சான் ஒருவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். நான் வைத்திருக்கும் அதே மெட்டல் டிடெக்டர். புது மொடல்கள் வந்துவிட்டதால் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. “விலை விழுந்திட்டுது மச்சான், வேண்டட்டோ?” என்றான். ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். இரண்டாவது தேத்தண்ணி ஆறிப்போன பிறகும் என்னால் முடிக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெசினின் விபரம் எல்லாம் இணையத்தில் கிடக்கிறது. 15 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றை அலைவரிசை, நாலு சின்னப் பற்றரி, திரையில் 0 முதல் 99 வரை ஓர் எண். எண் குறைவென்றால் இரும்பு, 80ஐத் தாண்டினால் செம்பு அல்லது வெள்ளி. கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. நான் திட்டப்போகும் குணம் இந்த விலையில் விற்கிற எல்லா மெசினுக்கும் உண்டு, ஒருத்தரை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை. கனடாவில், ஸ்காபரோவில் அக்கா வீட்டில் இருந்த காலத்தில் வாங்கியது. சனிக்கிழமைகளில் அத்தானும் நானும் இரண்டு மணித்தியாலம் காரோடி, ஒன்ராறியோவின் பழைய பண்ணை நிலங்களுக்குப் போவோம். இப்போது நான் கொழும்பில், மெசின் அத்தானின் கராஜில் தொங்குகிறது. போகிற நேரம் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இங்கே என் மேசையில் இருப்பது ஒரு பிஸ்கட் பேணி. அதற்குள் முக்கால்வாசி ஆணி.

வேலைக்கு ‘ஆணி பிடுங்கிறது’ என்று இணையத்தில் சனம் பகிடியாகச் சொல்லும். நான் நிஜமாகவே பிடுங்கியிருக்கிறேன்.

இடம் கண்டுபிடிப்பது பெரிய கஷ்டமில்லை. 1870களிலும் அதற்குச் சற்றுப் பின்னும் ஒன்ராறியோவில் கவுண்டி கவுண்டியாக (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) வரைபடப் புத்தகங்கள் அச்சிட்டார்கள். எந்தக் காணி யாருடையது, வீடு எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று புள்ளி வைத்திருக்கும். மக்கில் பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. அந்தக் காலத்து வரைபடங்களில் ஓடைக்கரையில் ஜி.எம். என்று எழுதியிருந்தால் மா ஆலை, எஸ்.எம். என்றால் மர ஆலை. இன்றைக்கு அந்த இடத்துக்குப் போனால் சோளக் காணிதான் நிற்கும். வீடு இருந்ததற்கு மிச்சமான சாட்சி, வேலிக்கரையில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே மே மாதத்தில் பூத்து நிற்கும் ஒரு லைலாக் பற்றை. காடு தானாக லைலாக் வைக்காது. யாரோ ஒரு பெண் வாசலில் நட்டிருப்பாள். காணிக்காரரிடம் கேட்காமல் கால் வைக்கக் கூடாது, பதிவான தொல்லியல் இடத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கை வைக்கவே கூடாது. கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். ஒரு கிழவர் விட்டுவிட்டு, “இதுக்குள்ள எங்கேயோ ஒரு பழைய கிணறு இருக்கு, எங்கே எண்டு எனக்கும் தெரியாது, பார்த்து நடவுங்கோ” என்று அனுப்பிவைத்தார். அன்றைக்கு முழுக்கத் தடியால் குத்திக் குத்தித்தான் நடந்தோம்.

சரி, ஆணிக்கு வருவோம்.

மர வீடு ஒன்றில் ஆயிரக்கணக்கில் ஆணி இருக்கும். வீடு உக்கிப்போகும், எரிந்துபோகும், இழுத்து விழுத்தப்படும். ஆணி மட்டும் போகாது. நூறு வருசம் உழுதாலும் அதே காணிக்குள் இங்குமங்குமாய்ப் பரவிக் கிடக்கும். அதற்கு மேலே மெசினை ஆட்டினால் மழைக்குத் தகரக் கூரை மாதிரிச் சடசடவென்று சத்தம்.

இரும்பை இரும்பு என்று சொன்னால் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பொய் சொல்வதுதான் கோபம். நேரான ஆணி ஒழுங்காக உறுமும், எண் 20, 25 காட்டும். கறள் ஏறி வளைந்த ஆணி, வளையமாக இருக்கும் இரும்பு, தட்டையான தகரத் துண்டு இவையெல்லாம் மெசினின் அடியில் தட்டு மாதிரி இருக்கும் சுருளுக்குக் கீழே ஒரு குறித்த கோணத்தில் கிடந்தால், மெசின் வெள்ளிக்காசு கண்ட குரலில் பாடும். 86 என்று காட்டும். ஒரு முறை 86க்கு முழங்காலில் இருந்து, நுளம்பு கடிக்க, உண்ணி ஏறியிருக்குமோ என்று காலையும் தடவித் தடவி, ஒரு அடி தோண்டினேன். தோண்டத் தோண்டச் சத்தம் குறைந்துகொண்டே போய் ஒரேயடியாக நின்றுவிட்டது. ஆணியைச் சுற்றியிருந்த மண்ணிலும் கறள் ஊறி, அதுவும் சேர்ந்து சத்தம் போட்டிருக்கிறது. மண்ணைக் கலைத்ததும் பாட்டும் போய்விட்டது. கடைசியில் கையில் வந்தது சின்ன விரல் நீளத்தில் ஒரு கோணல் ஆணி. அத்தான் பக்கத்தில் நின்று, “தம்பி, அதை ஒரு பேணிக்குள்ள போடும்” என்றார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். பேணி அப்படித்தான் தொடங்கியது.

இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. சத்தம் வந்த இடத்தைச் சுற்றி நடந்து, 90 பாகை திரும்பி நின்று மறுபடி ஆட்ட வேண்டும். காசு என்றால் எந்தப் பக்கம் நின்று கேட்டாலும் ஒரே பதில். ஆணி என்றால் பதில் மாறும், அல்லது வாயை மூடிக்கொள்ளும். பொலிஸ்காரர் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்பதும் இதற்குத்தான். பத்தில் ஏழு தரம் ஆணி மாட்டிவிடும். மிச்ச மூன்றுக்கும் என் முதுகுதான் பதில் சொல்லியிருக்கிறது.

முதல் வருசம் புத்திசாலித்தனம் என்று நினைத்து இரும்புச் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டேன். எவ்வளவு அமைதி! வரைபடத்தில் ஆலைக்காரரின் வீடு என்று இருந்த காணியில் மூன்று சனிக்கிழமை நடந்துவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டினோம். பிறகுதான் விளங்கியது, ஆணிக்குப் பக்கத்தில் காசு கிடந்தால் மெசின் இரண்டையும் கலந்து ஒரு எண்ணைத்தான் கணக்குப் போடும். ஆணியை அடக்கினால் காசும் சேர்ந்து அடங்கிவிடும். சின்னச் சுருள் ஒன்று வாங்கி, இரும்புச் சத்தத்தைத் திறந்துவிட்டு, ஆமை நடையில் அதே காணியை மறுபடி நடந்தேன். உறுமல்களுக்கு நடுவே ஒரே ஒரு கிளிக் சத்தம், ஒரு பக்கம் ஆட்டும்போது மட்டும். எண் 40க்கும் 80க்கும் இடையில் தாவிக்கொண்டிருந்தது. ஆணி ஒன்று, அதற்குக் கீழே சாய்ந்து நின்ற 1859ஆம் ஆண்டின் கனேடியச் சதம். இளம் விக்டோரியாவின் தலை, பச்சை பூத்த வெண்கலம். அந்தச் சதத்தின் விட்டம் சரியாக ஓர் அங்குலம், நூறு சதம் சேர்த்தால் ஒரு இறாத்தல். கடைக்காரர் அதை அளவுகோலாகவும் படிக்கல்லாகவும் வைத்துக்கொள்ளலாம். நம்முடைய பழைய சதுர அஞ்சு சதத்துக்கு அப்படி ஒரு வேலையும் கிடையாது, ஆனால் அழகு.

என்ன சொல்ல வந்தேன் என்றால், இந்த மெசினில் எனக்கு மிகப் பெரிய சந்தோசத்தைத் தந்ததும் ஆணிதான்.

இரும்புச் சத்தத்தைத் திறந்துவிட்ட பிறகு வீடு தெரியத் தொடங்கியது. எங்கே உறுமல் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று சின்னக் கொடி நட்டுக்கொண்டு போனால், வெறும் காணியில் ஒரு நீள்சதுரம் விழும். அதுதான் வீடு. உறுமல் இல்லாமல் வெறுமையாக நீளும் கீற்று, பாதையாக இருக்கலாம். ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்தால் காலமும் தெரியும். உடல் சதுரமாகத் தட்டையாக நுனிக்கு ஒடுங்கிக்கொண்டு போனால், தகட்டிலிருந்து மெசினால் வெட்டிய ஆணி, 19ஆம் நூற்றாண்டுக்காரன். உருண்டைக் கம்பி ஆணி பெரும்பாலும் 1890களுக்குப் பிறகு வந்தவன். இரண்டும் கலந்து கிடந்தால் யாரோ பழைய வீட்டைத் திருத்தியிருக்கிறார்கள்.

ஒரு நாள் பின்னேரம், நீள்சதுரத்தின் தெற்கு ஓரத்தில் கைநீளத்துக்குள் பதினொரு ஆணி வந்தது. எல்லாம் வெட்டு ஆணி. எல்லாம் ‘ட’ மாதிரி ஒரே இடத்தில் மடங்கியிருந்தன. தலையிலிருந்து மடிப்பு வரை அளந்தேன், எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே நீளம். தவறி வளைந்த ஆணி இப்படி இருக்காது. இரண்டு பலகையை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஆணி அடித்து, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைச் சுத்தியலால் மடக்கிவிடுவார்கள், கதவு ஆடி ஆடிக் கழன்று போகாமல் இருக்க. அந்த மடிப்பு வரை உள்ள நீளம்தான் கதவின் தடிப்பு. கதவு விழுந்த இடத்திலேயே கிடந்து உக்கிப்போயிருக்கிறது. பலகை மண்ணாகிவிட்டது, அதன் தடிப்பு மட்டும் என் உள்ளங்கையில். அந்த வீட்டில் அன்றைக்குக் காசு ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தான் காருக்குள் போய்த் தூங்கிவிட்டார்.

மற்றவற்றைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். பற்றரி நன்றாக நிற்கிறது. மழைக்குப் பயமில்லை. சுருளைத் தண்டோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது மூன்றாம் வருசம் வெடித்தது, வேறு சுருளுக்குக் காசு கொடுத்தேன். இந்த விலைக்கு அந்தக் காதைக் கொஞ்சம் தடிப்பாகச் செய்திருக்கலாம், அதற்கு மன்னிப்பே கிடையாது. ஆலை நிலங்கள் நினைத்த அளவுக்கு இல்லை. எரிந்த கரிக்கட்டியும் கறள் இரும்பும்தான். ஒரே ஒரு இடத்தில் மவுத் ஓர்கனின் பித்தளைத் தகடு கிடைத்தது, ஊதும் நாக்குகளில் இரண்டு இன்னும் உடையாமல். மா அரைபடும் வரை காத்திருந்த ஆள் வாசித்திருப்பார் என்று நானாகக் கற்பனை செய்துகொண்டேன்.

இனி கொழும்பு. இங்கே பழைய ஆலை நிலம் என்றால் எனக்குத் தெரிந்தது வெள்ளவத்தை மில்தான். அதற்கு மேலே ஹவ்லொக் சிட்டி அடுக்குமாடித் தொகுதி நிற்கிறது. கார் நிறுத்துமிடத்தில் ஆட்டிப் பார்க்கலாம் என்றால் பார்க்கலாம். கடற்கரை என்றால் உப்புத் தண்ணீரும் கறுப்பு மணலும் இந்த ஒற்றை அலைவரிசை மெசினைப் பைத்தியமாக்கிவிடும், மிச்சத்துக்குச் சோடா மூடி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள். அதைத் தேடித் தோண்ட, சொந்த வளவாக இருந்தாலும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ‘புதையல் தோண்டியவர்கள் கைது’ என்ற செய்தியைப் பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோம். நான் ஆணி பொறுக்க வந்தேன் என்று சொன்னால் எந்தப் பொலிஸ் நம்பும்? என் மெசின் ஸ்காபரோவிலேயே கிடக்கட்டும் என்று விட்டது அதனால்தான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு மச்சான் குரலைத் தணித்தான். “எனக்குக் காசும் வேண்டாம், பழசும் வேண்டாம். 1990இல வெளிக்கிடேக்க அம்மம்மா நகையைப் பால்மாப் பேணிக்குள்ள போட்டுக் கிணத்தடியில தாட்டவ. காணியை இப்ப விட்டிட்டாங்கள். வீடு இல்லை, கிணறு மட்டும் இருக்கு.”

வலிகாமம் வடக்கு. யாழ்ப்பாணத்தில், போர்க்காலத்தில் சனம் வெளியேறிய பிறகு இராணுவம் பிடித்து வைத்திருந்த பகுதி. நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கைவிட்ட வீட்டு நிலத்தில் தேடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

பிறகு உண்மையைச் சொன்னேன். பால்மாப் பேணி என்பது தகரம் பூசிய இரும்பு. முப்பது வருசத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த பேணி ஒரு நேரம் ஆணி என்று உறுமும், இன்னொரு நேரம் வெள்ளி என்று பாடும். உள்ளே இருக்கும் மெல்லிய சங்கிலியை இந்த மெசின் தனியாகக் கிடந்தாலே சரியாகக் காணாது. உடைந்த வீட்டின் ஆணியும் கம்பியும் அந்தக் கிணற்றடியைச் சுற்றி நிறையவே இருக்கும். பேணி எது, ஆணி எது என்று எல்லாவற்றையும் தோண்டித்தான் பார்க்க வேண்டும். வடக்கில் மண்ணுக்குள் சத்தம் போடுவது எல்லாம் ஆணி இல்லை. ஹலோ ட்ரஸ்ட் 2002 முதல் இங்கே கண்ணிவெடி அகற்றுகிறது. அந்த வேலைக்குப் போகிற எங்கட பெண்கள் ஒவ்வொரு சத்தத்துக்கும் மண்டியிட்டு, பக்கவாட்டில் இருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது அதற்கென்றே செய்த மெசின். நான் 86 என்று கண்டால் மண்வெட்டியைக் குத்துகிற ஆள். பல மிதிவெடிகளில் உலோகம் மிகக் கொஞ்சம், என் மெசின் அதற்கு மேலே சத்தமே போடாமல் போய்விடும். “வேண்டாதை” என்றேன். “காசு இருந்தாலும் வேண்டாதை.”

அவன் போனைப் பைக்குள் வைத்தான். என் வீட்டுக்கு வந்து பேணியைக் கிளறிப் பார்த்தான். மடங்கிய ஆணி ஒன்றை எடுத்து, மடிப்பு வரை விரலால் அளந்து, “எங்கட வீட்டுக் கதவு இதைவிடத் தடிப்பு” என்றான். கேட்காமலே அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

அன்றிரவு அத்தான் தகவல் அனுப்பியிருந்தார். கராஜுக்கு வந்த யாரோ மெசினைப் பார்த்துவிட்டு நல்ல விலை சொல்லியிருக்கிறார், நாளைக்கு இன்னும் விழும், கொடுக்கவா என்று கேட்டிருந்தார். தொடவேண்டாம் அத்தான், மே மாதம் வாறன் என்று எழுதினேன்.