பியானோவுக்கு வயதுச் சான்றிதழ் தருகிறேன் என்று வருகிறவரிடம் உஷார்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் பழைய பியானோ இருக்கும் வீடுகளைத் தேடி ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். நல்ல பேச்சு, கையில் பூதக்கண்ணாடி. பியானோவின் வயதையும் பிறப்பிடத்தையும் கண்டுபிடித்துச் சான்றிதழ் தருவாராம். எங்களிடம் 12,000 ரூபாய் வாங்கினார்.

பியானோ அத்தையிடமிருந்து வந்தது. எஸ்டேட் பங்களாவைத் துரை குடும்பம் காலி செய்தபோது, அங்கே ரைட்டராக இருந்த தாத்தா வாங்கியது என்பார்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறாமலிருக்க உள்ளே சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டே அத்தை அதைக் காப்பாற்றினார்.

தங்க முத்திரை போட்ட சான்றிதழ் சொல்வது இதுதான்: 1822-இல் லண்டனில் செய்தது, ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவனுக்காக மலை ரயிலில் உதகை வந்தது. சல்லிவன் இறந்தது 1855-இல். ரயில் குன்னூருக்கு வந்ததே 1899-இல், ஊட்டிக்கு 1908-இல். மனுஷன் எந்த ரயிலில் ஏற்றினாரோ!

ரயிலை விடுங்கள், பியானோவே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. சர்ச் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்க வரும் டியூனர் மேல்மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் முழு இரும்புச் சட்டகம். அதை ஒரே வார்ப்பாகச் செய்ய பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பாப்காக் காப்புரிமை வாங்கியதே 1825-இல். மந்தரக் கம்பிகள், அதாவது தாழ்ந்த சுரக் கம்பிகள், மற்றவற்றுக்கு மேலே குறுக்காகப் போகின்றன. எங்களுடையது போல நிமிர்ந்து நிற்கும் பியானோக்களில் அது பரவியது 1860-களுக்கு அப்புறம்தான். சட்டகத்தில், கம்பிகளை முறுக்கும் டியூனிங் பின்களுக்குப் பக்கத்தில், தயாரிப்பு எண்ணும் இருந்தது. கம்பெனியின் எண் பட்டியலில் பார்த்தால் 1910-ஐ ஒட்டி வருகிறது. இதற்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை, டார்ச் போதும். முன்மூடியில் இருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள்; அது பல சமயம் விற்ற கடையின் பெயராக இருக்கும். விரலால் அழுத்தி வாசிக்கும் கட்டைகளில் முதலாவதை வெளியே எடுத்தால் பக்கவாட்டில் பழைய டியூனர்கள் பென்சிலில் தேதி எழுதியிருப்பதும் உண்டு.

சான்றிதழோடு விடவில்லை. "லண்டன் ஏலத்தில் கோடிக்குப் போகும், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று அடுத்த வலை. நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருஷச் சட்டப்படி அனுமதியே கிடையாது. அவர் சொன்ன வயது உண்மையாக இருந்தாலும் ஏலம் பொய். கட்டைகளின் மேல் ஒட்டியிருக்கும் தந்தத்தைத் தனியாக விலைக்குக் கேட்டார் என்று தெரிந்த இன்னொரு வீட்டில் சொன்னார்கள். தந்த வியாபாரம் குற்றம், கொடுப்பவருக்கும் சேர்த்துத்தான்.

பணம் போனதைவிட ஆத்திரம் வேறு. அவற்றிலுள்ள முத்திரையைப் படிக்க வேண்டும் என்று முன்பக்கத்துப் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகள் இரண்டையும் கழற்றிக்கொண்டு போனவர் திரும்பத் தரவில்லை. ஃபோன் அணைந்து கிடக்கிறது. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். திராட்சைக்கொடி வேலைப்பாடு, மடக்கினால் உள்ளே திரும்பும், ஒன்றில் ஈயப் பற்று வைத்திருக்கும். பழைய சாமான் கடைகளில் எங்காவது கண்ணில் பட்டால் கீழே சொல்லுங்கள்.