கண்ணாடி போட்டவர்களுக்கு எந்தக் காதுக்கவசம்? பட்டறையில் நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்து இரும்புப் பட்டறைகளில் கேட், கிரில் வேலையோடு தோட்டத்து டிராக்டர், டிரெய்லர், புல்வெட்டி எல்லாம் ஒரே தகரக் கூரைக்குக் கீழ் வந்து சேரும். கம்பரசர் விட்டுவிட்டு ஓடும், இடையில் கிரைண்டர் அலறும். இப்படிப்பட்ட இடத்தில் பார்வைக் கண்ணாடியோடு காதுக்கவசம் போட்டு வேலை செய்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: கவசத்தை மாற்றும் முன் கண்ணாடியை மாற்றுங்கள்.

கவசத்தின் மெத்தை காதைச் சுற்றித் தோலோடு ஒட்டினால்தான் ஓசை அடைபடும். கண்ணாடியின் காம்பு அந்த மெத்தையைத் தூக்கிப் பிடிக்கிறது. காம்புக்கு மேலும் கீழும் சிறு இடைவெளி விழும். தடிமனான பிளாஸ்டிக் பிரேம் என்றால் பல டெசிபல் (ஓசையின் அளவு) பாதுகாப்பு அங்கேயே போய்விடும். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. இடைவெளி வழியே அதிகம் நுழைவது டீசல் இன்ஜின், கம்பரசர் போன்றவற்றின் தாழ்ந்த ஓசை. கிரைண்டரின் கீச்சொலி குறைந்துவிடுவதால் கவசம் நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். அதனால் சோதனையைக் கம்பரசர் பக்கத்தில் நின்று செய்யுங்கள். கவசத்தைப் போட்டபின் இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் தலையோடு அழுத்துங்கள். ஓசை சட்டென்று இறங்கினால் கசிவு இருக்கிறது.

காம்பு 2 மில்லிமீட்டருக்குள், தட்டையாக, காதுக்குப் பின்னால் அதிகம் வளையாமல் நேராகப் போகும் மெல்லிய உலோக பிரேம்தான் நல்லது. வலிக்கும் காரணம் இதுதான்: கவசத்தின் அழுத்தம் காம்பைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் தள்ளுகிறது, கொக்கிபோல் வளைந்த முனை அங்கே குத்துகிறது. வலி தாங்காமல் காம்பில் ஸ்பாஞ்ச் சுற்றுவார்கள். செய்யாதீர்கள். குத்தல் குறையும், இடைவெளியோ பெரிதாகும். தலைப்பட்டையை வளைத்துத் தளர்த்துவதும் அதே கெடுதல்தான். காம்புக்குப் பதில் எலாஸ்டிக் பட்டை மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடியில் பவர் லென்ஸ் போட்டுக்கொண்டால் இரண்டு தொல்லையும் பெரும்பாலும் தீரும்.

கவசம் என்று எடுத்தால், மெத்தை அகலமாகவும் மிருதுவாகவும் இருப்பதைப் பாருங்கள். 3எம் பெல்டோர் எக்ஸ்4ஏ நடுத்தரத் தேர்வு: கிண்ணம் மெலிது, முகக்கவசத்தில் அதிகம் இடிக்காது, என்ஆர்ஆர் மதிப்பு (எத்தனை டெசிபல் ஓசையைக் குறைக்கும் என்ற ஆய்வக அளவு) 27. அந்த 27ஐ அப்படியே நம்பக் கூடாது. 7ஐக் கழித்து மீதியைப் பாதியாக்குவது பாதுகாப்பான கணக்கு: 10 டெசிபல். கிரைண்டர் 100 என்றால் காதில் 90. மலேசியாவின் 2019 இரைச்சல் விதிமுறைகளில் நாளொன்றுக்கான வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். ஆக 90 டெசிபலில் சுமார் இரண்டரை மணி நேரம் கிடைக்கிறது. கவசமே இல்லாமல் 100 என்றால் 15 நிமிடம்தான்.

கைப்பேசி பேச, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லக் கழற்றுவதுதான் பெரிய ஓட்டை. 30 டெசிபல் குறைக்கும் கவசத்தை 8 மணி நேர இரைச்சலில் அரை மணி நேரம் கழற்றினால் அன்றைய பலன் சுமார் 12 டெசிபலாகச் சுருங்கும். பேச வேண்டுமானால் முதலில் கிரைண்டரை நிறுத்துங்கள், பிறகு கழற்றுங்கள்.

நாள் முழுக்கக் கண்ணாடி போடுபவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை ஸ்பாஞ்ச் காதடைப்பான்தான். காம்போடு மோதலே இல்லை, இந்தப் புழுக்கத்தில் காதும் வேகாது. ஆனால் பலர் அதைக் காது வாசலில் சும்மா செருகி வைக்கிறார்கள், அது பாதி அடைப்புக்கூட ஆகாது. கை கழுவி, சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துச் செருகி, 30 விநாடி விரலால் தாங்குங்கள். நேராக எதிரில் நிற்பவருக்கு அடைப்பான் தெரிந்தால் உள்ளே போகவில்லை என்று பொருள். கிரீஸ் கையோடு உருட்டினால் இரும்புத்தூளும் காதுக்குள் போகும். அழுக்கானதைக் கழுவாமல் எறிந்துவிடுங்கள். நாளுக்குப் பலமுறை கழற்றி மாட்டுபவர்களுக்கு மூன்றடுக்கு ரப்பர் அடைப்பான் வசதி, அதைச் சோப்புநீரில் கழுவலாம். காதில் சீழ், வலி இருக்கும்போது எந்த அடைப்பானும் வேண்டாம்.

இரும்பைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்தும்போது காதடைப்பான், கவசம் இரண்டையும் சேர்த்துப் போடலாம். இரண்டின் மதிப்பையும் அப்படியே கூட்டாதீர்கள், பெரிய மதிப்போடு 5 டெசிபல் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற வேலைக்கு அவ்வளவு அடைப்பு ஆபத்து, ரிவர்ஸ் வரும் லாரி கேட்காது.

கவசத்தின் மெத்தை வியர்வையில் இறுகி வெடிக்கும். விரலால் அழுத்தினால் மெதுவாக எழும்பாமல் கல்லாக நின்றால், விளிம்பில் விரிசல் தெரிந்தால் அதன் வேலை முடிந்தது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது மாற்ற வேண்டும், எக்ஸ்4ஏக்கு எச்ஒய்எக்ஸ்4 என்ற மாற்று செட் தனியாகக் கிடைக்கிறது. மாலையில் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் மாட்டுங்கள். தின்னர் பட்டால் மெத்தை கெட்டுவிடும், வெயிலில் நிற்கும் வேனின் டேஷ்போர்டில் வைத்தாலும் அதே கதி.