பாட்டுக் கோப்புகளின் பெயரைச் சீராக்க மியூட்டாஜன்: தமிழ்ப் பாட்டுக்கு எப்படி?

"டிராக்01", "தெரியாத கலைஞர் - 7", வால்போல ஒட்டிக்கொண்ட இணையதள முகவரி. பல இடங்களிலிருந்து சேர்த்த பாட்டு ஃபோல்டர் எதைத் திறந்தாலும் இதே கோலம்தான். ஐம்பது அறுபது பாட்டுக்கு எம்பி3டேக் மென்பொருளே போதும். ஆயிரக்கணக்கில் இருந்து, ஃபோல்டருக்கு ஒரு விதமாகக் குப்பை கிடந்தால் பைத்தான் மொழியும், கோப்புக்குள் இருக்கும் டேக்கை (தலைப்பு, ஆல்பம் போன்ற விவரங்களை) படிக்கவும் எழுதவும் உதவும் அதன் மியூட்டாஜன் லைப்ரரியும்தான் சரி. டேக்கிலிருந்து தலைப்பை எடுத்துக் கோப்புக்குப் பெயராக வைக்கலாம். நாற்பது ஐம்பது வரியில் முடிகிற வேலை.

மியூட்டாஜன் இலவசம். பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாக ஒரே வரியில் நிறுவலாம். வேறு எந்த லைப்ரரியையும் கூடவே இழுத்து வராது. எம்பி3, எம்4ஏ, ஃபிளாக், ஓக் எல்லாவற்றிலும் டேக் எழுதும் முறை வேறு வேறு. ஆனால் கோப்பைத் திறக்கும்போது 'ஈஸி' என்ற தேர்வைப் போட்டுவிட்டால் டைட்டில், ஆல்பம், டிராக்நம்பர் என்று ஒரே சாவிகளில் எல்லாம் கிடைக்கும். இந்த ஒரு வசதிக்காகவே இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். வேவ் கோப்புக்கு இது செல்லாது, அங்கே ஐடி3 என்ற டேக் வடிவத்தின் மூலச் சாவிகளைத்தான் கேட்க வேண்டும். மதிப்புகள் லிஸ்டாக வரும். முதல் உறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு வகை புரியாவிட்டால் எரர் காட்டாமல் வெற்று மதிப்பைத் தரும். அதைச் சோதிக்காமல் விட்டால் நிரல் அடுத்த வரியில் விழுந்துவிடும்.

டிராக் எண் பல நேரம் "3/12" என்று வரும். சாய்கோட்டில் பிரித்து, முன்பகுதியை இரண்டு இலக்கமாக்கி "03" என்று வையுங்கள். இல்லாவிட்டால் பல பிளேயர்களில் 10-ஆவது பாட்டு 2-க்கு முன்னால் ஓடும்.

இதுவரை எந்த மொழிப் பாட்டுக்கும் பொது. தமிழில் பெயர் வைக்கும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது, அதில் மியூட்டாஜன் கை கொடுக்காது. வேண்டாத குறிகளை நீக்க, "எழுத்தும் இடைவெளியும் தவிர எல்லாவற்றையும் அழி" என்று ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளைத் தேடி மாற்றும் விதி) எழுதுவது வழக்கம். இதற்குப் பைத்தானோடு வரும் 'ஆர்ஈ' மாட்யூல் மெய்யெழுத்தின் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. "மழைத்துளி" என்ற தலைப்பு "மழததள" ஆகிவிடும். ஃபோல்டர் முழுக்க இப்படி மாறிய பிறகு டேக் இல்லாத பாட்டுகளை மீட்க வழியே கிடையாது. ஆகவே எதை வைத்துக்கொள்வது என்று எழுதாமல், எதை நீக்குவது என்று எழுதுங்கள்: விண்டோஸ் ஏற்காத \ / : * ? " < > | என்ற ஒன்பது குறிகள், பெயரின் கடைசியில் வரும் முற்றுப்புள்ளி, இடைவெளி. இவை போதும்.

அடுத்தது யூனிகோடு. "கொ" என்பதைக் க-வோடு ஒகரக் குறி சேர்த்து ஒரு விதமாகவும், எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்து இன்னொரு விதமாகவும் சேமிக்கலாம். பழைய மேக் வட்டுகள் பிரித்துத்தான் வைக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பெயரை என்எஃப்சி வடிவத்துக்கு (குறிகளைச் சேர்த்தே வைக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் கோப்புப் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும்; யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஒன்பது குறியுள்ள "மழைத்துளி"க்கே 27 பைட் போய்விடுகிறது. பாடகர், படம், இசையமைப்பாளர் என்று எல்லாவற்றையும் பெயரிலேயே திணிக்காதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி குறியீட்டில் எழுதிய டேக்குகளை ஓப்பன்-தமிழ் லைப்ரரி மூலம் யூனிகோடாக்கலாம்.

பெயர் மாற்றும் வரியில்தான் அதிகக் கவனம் வேண்டும். பைத்தானின் ரீநேம் கட்டளை, லினக்ஸிலும் மேக்கிலும் அதே பெயரில் கோப்பு இருந்தால் கேட்காமலே அதன்மேல் எழுதிவிடும். விண்டோஸில் எரர் வரும். ஒரே தலைப்பில் ஆண் குரல், பெண் குரல் என்று இரண்டு பாட்டு இருந்தால் ஒன்று காணாமல் போகும். பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து "(2)" சேருங்கள். முதல் ஓட்டத்தில் எதையும் மாற்றாமல் பழைய பெயரையும் புதுப் பெயரையும் ஒரு சிஎஸ்வி கோப்பில் எழுதிப் பாருங்கள். பின்னால் திருப்பி மாற்றவும் அது உதவும்.

பெயரை மட்டும் மாற்ற 'சேவ்' கட்டளையே தேவையில்லை. டேக்கையும் திருத்திச் சேமிப்பதாக இருந்தால், எம்பி3-க்கு மியூட்டாஜன் தானாக எழுதுவது ஐடி3 2.4 பதிப்பு. பழைய கார் ஸ்டீரியோ சிலவற்றுக்கு அது புரியாது, சேமிக்கும்போதே 2.3 என்று குறிப்பிடுங்கள்.