பென் டிரைவா, வாட்ஸ்அப்பா? ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு புழு விசாரணை

"பென் டிரைவ் வேண்டாம் அண்ணாச்சி, அதுல வைரஸ் இருக்கும். வாட்ஸ்அப்ல அனுப்பிடுறேன்."

மும்பை தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் ஃபார்ம் என்று கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இந்தப் பேச்சு காதில் விழும். சொல்லுகிற பையன் முகத்தில், கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தவன் போல ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதியில் பாதிதான் நியாயம். மீதிப் பாதி எங்கே தப்பு என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கடையில் எல்லாவற்றையும் வைரஸ் என்றே சொல்கிறோம். தன்னைத்தானே நகல் எடுத்துக்கொண்டு அடுத்த மெஷினுக்குத் தாவுகிற வகைக்கு வார்ம், அதாவது புழு என்று பெயர். நகல் எடுத்துப் பிழைப்பவன் நான், அதுவும் அப்படித்தான். அந்த வகையில் தொழில் போட்டி.

முதலில் பென் டிரைவ். 2007-இல் சயானில் ஒரு சைபர் கஃபேயில் வேலை பார்த்தேன். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட மெஷின்கள். ஒரு நாள் மாலை கல்லூரிப் பையன் ஒருவன் ஆர்குட்டை, அதாவது அந்தக் காலத்து ஃபேஸ்புக் மாதிரியான தளத்தை, திறந்தான். பக்கம் மூடிக்கொண்டு ஒரு பெட்டி வந்தது: ஆர்குட் தடை செய்யப்பட்டுவிட்டது, முட்டாளே. கடைசியில் எழுத்திலேயே ஒரு பேய்ச்சிரிப்பு வேறு. ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் அதற்கும் ஒரு வசவு. நான்தான் ஏதோ விளையாடிவிட்டேன் என்று முதலாளிக்குச் சந்தேகம், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஹீப்41ஏ என்ற மறைவு ஃபோல்டரில் உட்கார்ந்துகொண்டு, விண்டோஸின் சொந்த புரோகிராம் பெயரையே சூட்டிக்கொண்டு ஓடிய புழு அது. இந்தியா முழுக்க அந்த வருஷம் சைபர் கஃபேக்களைப் பாடாய்ப் படுத்தியது. வந்த வழி, யாரோ சொருகிவிட்டுப் போன பென் டிரைவ்.

அந்தக் காலத்துப் புழுவுக்கு மனுஷன் தயவே அதிகம் தேவைப்படவில்லை. சிடி போட்டதும் தானாக ஓடட்டும் என்று விண்டோஸ் 95 காலத்தில் வைத்த வசதி ஆட்டோரன். டிரைவில் ஆட்டோரன்.இன்ஃப் என்று ஒரு குட்டி ஃபைல் இருந்தால், எதை ஓட்ட வேண்டும் என்று மெஷின் அதைக் கேட்டுக்கொள்ளும். எக்ஸ்பியில் மை கம்ப்யூட்டரைத் திறந்து டிரைவ் ஐகான் மேல் டபுள் கிளிக் செய்தால் போதும், ஃபோல்டர் திறப்பதற்குப் பதில் புழு ஓடும். வலது கிளிக் செய்து திறந்தால் தப்பலாம் என்று முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். புழு எழுதுகிறவர்கள் அந்த மெனுவையும் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் அட்ரஸ் பாரில் டிரைவ் எழுத்தை டைப் செய்து நுழையப் பழகினோம். இன்னொரு நாட்டு வைத்தியமும் உண்டு. பென் டிரைவில் ஆட்டோரன்.இன்ஃப் என்ற பெயரில் நாமே ஒரு ஃபோல்டர் போட்டு வைப்பது. அதே பெயரில் ஃபைல் உருவாக்கப் புழுவால் முடியாது. ஃபோல்டரை அழிக்கவோ பெயர் மாற்றவோ தெரிந்த புழு வரும்வரை அது நன்றாகவே வேலை செய்தது.

2008 நவம்பரில் கான்ஃபிக்கர் என்ற புழு வந்தது. முதலில் நெட்வொர்க் ஓட்டை வழியாகத்தான் பரவியது, அடுத்த மாதமே வந்த இரண்டாவது வகை பென் டிரைவையும் சேர்த்துக்கொண்டது. அதன் தந்திரம் எனக்கு இன்றும் பிடிக்கும். டிரைவைச் சொருகியதும் வருகிற பெட்டியில் 'ஃபைல்களைப் பார்க்க ஃபோல்டரைத் திற' என்று இரண்டு வரிகள் இருக்கும், இரண்டிலும் மஞ்சள் ஃபோல்டர் படம். ஒன்று விண்டோஸ் வைத்தது, மற்றது புழு வைத்தது. அவசரத்தில் மேலே இருப்பதைத்தானே அமுக்குவோம்? எழுதியவனைப் பிடித்துக் கொடுத்தால் 2,50,000 டாலர் என்று மைக்ரோசாஃப்ட் 2009-இல் அறிவித்தது. அதே வருஷம் வந்த விண்டோஸ் 7-இல் பென் டிரைவுக்கு ஆட்டோரன் கிடையாது. 2011 பிப்ரவரியில் அப்டேட் வழியாக எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அந்தக் கதவைச் சாத்தினார்கள். மெஷினை ஏமாற்றும் காலம் பெரும்பாலும் அதோடு முடிந்தது. இனி மனுஷனைத்தான் ஏமாற்றியாக வேண்டும்.

அதனால் இன்று கடைக்கு வருகிற புழு ஷார்ட்கட் வேஷத்தில் வருகிறது. போன மாதம் ஒரு அக்கா மகளின் காலேஜ் புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்தார். 8 ஜிபி டிரைவ். 5 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது, திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஐகான், அதுவும் ஓரிரு கேபி. "ஐயோ, எல்லாம் போச்சா?" என்று அக்காவின் குரல் உடைந்துவிட்டது. ஐகானின் இடது கீழ் மூலையில் வளைந்த குட்டி அம்பு ஒன்று இருக்கும். அது இருந்தால் ஃபோல்டர் இல்லை, ஷார்ட்கட். புழு நம் ஃபைல்களை எல்லாம் மறைவு ஃபோல்டர் ஒன்றுக்குள் தள்ளிவிட்டு, வாசலில் தான் மட்டும் நிற்கிறது. சில சமயம் அந்த ஃபோல்டருக்குப் பெயரே இருக்காது, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றெழுத்து மட்டும். ஷார்ட்கட்டை அமுக்கினால் புழுவும் ஓடும், நம் ஃபைல்களும் திறக்கும். ஃபைல் திறந்துவிடுகிறதே, யாருக்குச் சந்தேகம் வரும்? கறுப்புத் திரையில் அட்ரிப் கமாண்ட் அடித்து மறைவை எடுத்தேன், பத்து நிமிஷம். புராஜெக்ட் வந்துவிட்டது. அக்கா கும்பிட்டதைப் பார்த்தால் ஏதோ அறுவை சிகிச்சை செய்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

இப்போது செய்தி வழி. இது புதுசு என்று நினைப்பவர்கள் 2000 மே மாதத்தை மறந்தவர்கள். ஐ லவ் யூ என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல், கூடவே காதல் கடிதம் என்று ஒரு ஃபைல். பெயர் டெக்ஸ்ட் ஃபைல் மாதிரி முடிந்தது. உண்மையான வால், அதாவது ஃபைல் என்ன வகை என்று பெயரின் கடைசியில் சொல்லும் எழுத்து, விபிஎஸ்: திறந்தால் ஓடுகிற புரோகிராம். அதை விண்டோஸ் மறைத்துவிட்டது. திறந்தவர்களின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தானே கடிதம் போட்டது. பிலிப்பைன்ஸில் கிளம்பி ஒரே நாளில் ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றிவிட்டது. எழுதியவர் மேல் வழக்கு நிற்கவில்லை, அப்படி ஒரு குற்றத்துக்கு அங்கே அன்று சட்டமே இல்லை.

வேகத்தில் பென் டிரைவுக்குப் பேச்சே இல்லை. அதன் வேகம் தாதர்–திருநெல்வேலி ரயில் வேகம். மே மாத லீவில் ஊருக்குப் போகும், அங்கே ஒரு ஸ்டுடியோவில் சடங்கு வீட்டு ஃபோட்டோ ஏற்றுவார்கள், ஜூனில் புழுவோடு தாராவிக்குத் திரும்பி வரும்.

ஆனால் மெதுவாகப் போகிறவன் போகிற இடத்துக்கு வேகமாகப் போகிறவனால் போக முடியாது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற புழு ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தைக் குறி வைத்தது. வெளி இன்டர்நெட்டோடு சம்பந்தமே இல்லாத இடம். உள்ளே போக பென் டிரைவ் உதவியது. ஷார்ட்கட் படத்தைத் திரையில் காட்டும் விண்டோஸ் வேலையிலேயே ஓட்டை இருந்தது, ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே போதும், எதையும் அமுக்க வேண்டாம். ஒரு டிரைவிலிருந்து மூன்று மெஷினுக்குப் பரவியதும் அந்த டிரைவிலிருந்து தன்னை அழித்துக்கொள்ளும் அடக்கமும் அதற்கு இருந்தது. அப்படியும் வெளியே சிதறி, பாதிப்புப் பட்டியலில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா வந்து நின்றது. என் கடைக்கு அணு நிலையம் சம்பந்தமில்லைதான். ஆனால் நெட் இணைக்காமல் கணக்குக்கு மட்டும் மெஷின் வைத்திருக்கிற தோல் பட்டறைக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். "நெட்டே இல்ல, எப்படி வரும்?" என்று கேட்பவர்களும் அவர்களே.

ஆண்ட்ராய்டு போன் வந்தபோது செய்திப் புழு வேறு பிறவி எடுத்தது. 2021 ஏப்ரலில் வாட்ஸ்அப்பை ரோஸ் கலராக மாற்றலாம் என்று ஒரு லிங்க் சுற்றியது, நினைவிருக்கும். அதிலிருந்த ஆப்பைப் போட்டவர்களின் போனில் நோட்டிஃபிகேஷனைப் படிக்கும் அனுமதியை அது வாங்கிக்கொண்டது. அப்புறம் யார் செய்தி அனுப்பினாலும், நோட்டிஃபிகேஷனிலேயே இருக்கும் பதில் பட்டன் வழியாக அவர்களுக்கு அதே லிங்க் போகும். முகவரிப் புத்தகத்தைத் திருட வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் 'சாப்பிட்டியா' என்று கேட்டால் புழு பதில் சொல்லும். அதே சமயத்தில் கோவிட் தடுப்பூசிக்குப் பதிவு செய்யலாம் என்று ஒரு போலி ஆப்பும் எஸ்எம்எஸ்ஸில் வந்தது, போட்டவரின் போனில் இருக்கும் நம்பர்களுக்கெல்லாம் தானே எஸ்எம்எஸ் அனுப்பியது. தடுப்பூசிக்கு நாம் தவித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. யார் பார்த்து எழுதினானோ, நம் பதற்றத்தை நன்றாகப் படித்தவன்.

என் பார்வையில் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் டெக்னிக்கல் விஷயமே இல்லை. அடுத்தவர் டிரைவ் என்றால் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது, அடுத்தவர் சீப்பு மாதிரி. செய்தி சொந்தக்காரர் பெயரில் வருகிறது. அண்ணன் மனைவி பெயரும் ஃபோட்டோவும் மேலே இருக்கும்போது யார் ஃபைலின் வாலைப் பார்ப்பார்கள்?

என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, பார்க்கவில்லை. போன தை மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி மைனிக்கு, பழைய பக்கத்து வீட்டுக்காரி நம்பரிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று வந்தது. வாட்ஸ்அப் அந்தப் பெயருக்குக் கீழேயே சின்னதாக ஏபிகே என்று காட்டத்தான் செய்கிறது. படமோ பிடிஎஃப்போ இல்லை, ஆப். மைனி தொட்டார். ஆண்ட்ராய்டு 8 முதல், வாட்ஸ்அப்பிலிருந்து வரும் ஆப்பைப் போட வாட்ஸ்அப்புக்கென்று தனி அனுமதி தர வேண்டும். தந்தார். எஸ்எம்எஸ் படிக்கலாமா என்றது. சரி என்றார். "பத்திரிகை திறக்கவே மாட்டேங்குது தம்பி" என்று எனக்குப் போன் செய்தபோது, அவர் நம்பரிலிருந்து குடும்ப குரூப்புக்கும் சீட்டு குரூப்புக்கும் அதே பத்திரிகை போய்க்கொண்டிருந்தது. வகைப்படுத்துகிறவர்கள் இதை ட்ரோஜன், அதாவது வேஷம் போட்டு உள்ளே வருவது என்பார்கள், ஓடிபி திருடத்தான் அது வந்தது. குரூப் குரூப்பாகத் தாவியதைப் பார்த்தவன் நான், எனக்கு அது புழுதான்.

ஒரு இடத்தில் மட்டும் அந்தப் பையனின் நிம்மதி சரி. பிரவுசர் வழியாக கம்ப்யூட்டரில் இறங்கும் ஃபைலின் மேல், இது வெளியிலிருந்து வந்தது என்று விண்டோஸ் ஒரு மறைவு முத்திரை குத்துகிறது. அதைப் பார்த்துத்தான் வேர்டு மஞ்சள் பட்டை போட்டுத் திறக்கிறது. 2022 முதல் மேக்ரோவையும், அதாவது ஃபைலுக்குள்ளேயே இருந்து ஓடும் குட்டி புரோகிராமையும், தடுப்பது அந்த முத்திரையை நம்பித்தான். நம் பென் டிரைவுகள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தவை, அந்த முத்திரையைத் தாங்க அவற்றில் இடமே இல்லை. அதனால் டிரைவில் வரும் வேர்டு ஃபைலை மெஷின் வீட்டுப் பிள்ளையாக நினைத்துத் திறக்கிறது.

2025 செப்டம்பர் கடைசியில் பிரேசிலில் கிளம்பிய ஒன்று இந்த இரண்டு வழியையும் முடிச்சுப் போட்டுவிட்டது. தெரிந்தவர் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஜிப் ஃபைல், கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள் என்று ஒரு வரி. ஜிப்புக்குள் இருந்தது பென் டிரைவ் காலத்து அதே ஷார்ட்கட். அமுக்கினால், அந்த மெஷினில் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கிறதா என்று பார்த்து, எல்லா நம்பருக்கும் எல்லா குரூப்புக்கும் அதே ஜிப்பை அனுப்பியது. படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பென் டிரைவும் சொருகி, காலையிலிருந்து ராத்திரி வரை வாட்ஸ்அப் வெப்பும் திறந்து கிடக்கிற மெஷின் எது? என் கடை மெஷின்தான்.

ஆகையால் நான் செய்துகொண்ட ஏற்பாடு இது. லாமிங்டன் ரோட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று வாங்கி விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டேன். விண்டோஸ் ஷார்ட்கட் புழு அதில் ஓடாது, செத்த கரப்பான் மாதிரி கிடக்கும். டிரைவ்கள் அங்கே மட்டும். வாட்ஸ்அப் வெப் வேறு மெஷினில், ராத்திரி ஷட்டர் இறக்குமுன் லாக் அவுட். கடை நம்பர் இருக்கிற போனில் யுபிஐ, பேங்க் ஆப் எதுவும் கிடையாது. ஒரே ஒரு விண்டோஸ் மெஷின்தான் என்றால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் யுஎஸ்பி பிரதிரோத் என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது, எந்த டிரைவை உள்ளே விடலாம் என்று அதில் கட்டுப்படுத்தலாம். பென் டிரைவ் வாசலை இப்படி ஒரு தடவை உட்கார்ந்து பூட்டிவிடலாம். மைனி வாசலுக்கு எந்த செட்டிங்கிலும் பூட்டு இல்லை. எனக்கு எது பயம் என்று கேட்டால், கடையில் பென் டிரைவ், வீட்டில் வாட்ஸ்அப். வீட்டுப் பயம் பெரிசு.

சுத்தம் செய்வதிலும் அப்படித்தான். அக்காவின் டிரைவுக்குப் பத்து நிமிஷம் ஆனது. மைனியின் போனில் அன்றிரவே நெட்டை அணைத்து, சிம்மைக் கழற்றி, ஆப்பை எடுத்து, பேங்குக்கும் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் சொல்லி முடிக்க மணி ஒன்று. பணம் போகவில்லை, அக்கவுண்டில் போகிற அளவுக்கு இல்லை என்பதும் ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மைனி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "நான் அனுப்பலக்கா, தொட்டுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் அம்மாவையும் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா வைத்திருப்பது பட்டன் போட்ட ஜியோ போன், அதில் இப்போது வாட்ஸ்அப்பே வராது. ஏதோ கல்யாணப் பத்திரிகை என்பது மட்டும் புரிந்திருக்கிறது. யாருக்குக் கல்யாணம், மொய் எழுத வேண்டுமா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.