இலவம் பஞ்சா, ரப்பர் பாலா?

கல் போன்ற மெத்தைதான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை பினாங்கில் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. 2003இல் வெளியான ஸ்பானிய ஆய்வு, நாள்பட்ட இடுப்புவலியுள்ள 313 பேரிடம் வேறொன்றைக் கண்டது: மிகக் கெட்டியானதைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையே வலியைக் கூடுதலாகக் குறைத்தது.

இலவம் பஞ்சு மெத்தை காற்றோட்டமானது, விலையும் குறைவு. ஆனால் நாளடைவில் பஞ்சு கட்டிதட்டி நடுவில் பள்ளம் விழும்; இடுப்பு அதில் இறங்கிவிடும். தாத்தா பாட்டி தோட்டத்தில் சீவிய பால்மரத்துப் பாலில் உருவாகும் லேட்டக்ஸ் மெத்தையோ அமுங்கியதும் மீளும். புரண்டு படுப்பது எளிது. கனமும் விலையும் அதிகம்தான். இருந்தாலும் வலியுள்ளவருக்கு நான் இதையே சொல்வேன், ரப்பர் ஒவ்வாமை இல்லையென்றால்.

கால் மரத்துப்போனால் கடைக்கு அல்ல, மருத்துவரிடம் செல்லுங்கள்.