ஃபெராரியா, ஆடி குவாட்ரோவா? காளிகேசம் சாலைக்கு எது?

ஃபெராரி ராலி கார் பந்தயத்தில் ஓடுமா? ஓடியிருக்கிறது. 1982 கோர்சிகா ராலியில் ஃபெராரி 308 ஜிடிபி இரண்டாமிடம் பிடித்தது. ஆனால் அது தார்ச்சாலைப் போட்டி. தரையோடு ஒட்டிய உடலும் நடுவில் உட்கார்ந்த என்ஜினும் வளைவுகளில் அங்கே பெரும் பலம்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறை – காளிகேசம் பக்கம் மழை பெய்தபின் வாருங்கள். ரப்பர் சருகு நனைந்து ஒட்டிக்கிடக்கும், ஓரமெல்லாம் சேறு. அந்த ஃபெராரி போலப் பின்சக்கரம் மட்டும் உந்தினால் நின்ற இடத்திலேயே சுழலும்; குழியில் அடிவயிறு இடிக்கும். ஆடி குவாட்ரோ என்ஜின் சக்தியை நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும். அதே 1982இல் உலக ராலி தயாரிப்பாளர் பட்டம் ஆடிக்குத்தான்.

அழகுக்கு ஃபெராரிதான், மறுக்கவே மாட்டேன். இந்த மலைப்பாதைக்கு மட்டும் குவாட்ரோ சாவியைக் கொடுங்கள்.