மண்டையோட்டு மாதிரி வாங்கும்போது முதலில் கண்குழியைப் பாருங்கள்

மருத்துவம், பல் மருத்துவம் முதலாண்டு மாணவர்கள் வாங்கும் நிஜ அளவு பிளாஸ்டிக் மண்டையோட்டைப் பற்றிய மதிப்பீடு இது. கழற்றக்கூடிய மண்டை மூடி, முகத்தோடு சேர்ந்த அடிப்பகுதி, ஸ்பிரிங் போட்ட கீழ்த்தாடை என்று மூன்று பாகமாக வரும். பல் வரிசையும் எலும்புகள் இணையும் தையல் கோடுகளும் மலிவான மாதிரியிலும் பார்க்க நன்றாகவே இருக்கும். அச்சின் தரம் வெளுப்பது கண்குழியில்தான்.

முதலில் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உயரம் சுமார் 35 மி.மீ., அகலம் 40 மி.மீ. அது முழு வட்டமல்ல. மூக்குப் பக்கம் வரும்போது விளிம்பின் இரு முனைகளும் ஒன்றையொன்று சந்திக்காமல், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக விலகிப் போகும். அந்த இடைவெளியில் உள்ள பள்ளத்தில்தான் கண்ணீர்ப் பை உட்காருகிறது. மோசமான அச்சில் இந்தப் பள்ளமே இருக்காது, வளையல் மாதிரி வழவழவென்று ஓடும். அப்படியிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது குழியின் நுனி. ஓர் ஈர்க்குச்சி போதும். மண்டை மூடியைக் கழற்றிவிட்டு, முன்னாலிருந்து உள்நோக்கிச் சற்றே மூக்குப் பக்கம் சாய்த்து நுழையுங்கள். பார்வை நரம்பு போகும் வட்டத் துளை வழியாகக் குச்சி மூளை அறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு வெளிப்பக்கம் நீளமாக ஒரு பிளவு இருக்கும். சுப்பீரியர் ஆர்பிட்டல் ஃபிஷர் அதுதான். 3, 4, 6-ஆம் மூளை நரம்புகளும் 5-ஆம் நரம்பின் முதல் கிளையும் அதன் வழியாகத்தான் வருகின்றன. இரண்டுக்கும் நடுவே மெல்லிய எலும்புத் தூண் ஒன்று உண்டு. மலிவு அச்சில் அந்தத் தூண் உடைந்தோ உருகியோ இரண்டு துளையும் ஒன்றாகிவிடும், அல்லது வெறும் பள்ளமாக அடைபட்டிருக்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கும் இடமே இதுதான் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கண்குழியின் தரையில் பின்பக்கமிருந்து ஒரு வாய்க்கால் கிளம்பி, பாதி வழியில் எலும்புக்குள் புகுந்து, விளிம்புக்குக் கீழே கன்னத்தில் துளையாக வெளிவரும். தூண்டில் நூலை விட்டால் அது முழுக்கப் போகும்படி செய்த மண்டையோடு அரிது. வாய்க்காலாவது செதுக்கியிருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். முகத்தில் பந்து பட்டுத் தரை உடைந்தவருக்குக் கன்னமும் மேலுதடும் மரத்துப்போவது ஏன் என்பது, அவற்றுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடும் அந்த வாய்க்காலைப் பார்த்தால் சட்டென்று புரியும்.

ஒரு குறை எல்லா பிளாஸ்டிக்கிலும் உண்டு. மூக்கை ஒட்டிய உட்சுவர் நிஜ எலும்பில் காகிதம் போல மெல்லியது, டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவும். பிளாஸ்டிக்கில் அது தடித்த சுவர். சைனஸ் தொற்று கண்ணுக்குப் பரவும் வழியை இதில் உணர முடியாது. அதற்குத் துறையில் இருக்கும் நிஜ எலும்பைத்தான் பார்க்க வேண்டும்.

கூடவே வரும் குறிப்புத்தாள் எந்திர மொழிபெயர்ப்பாக இருந்தால் கவனம். ஆர்பிட் என்ற சொல்லுக்கு வேர் லத்தீனின் ஆர்பிட்டா, அதாவது வண்டிச் சக்கரம் பதித்த தடம். வானியலில் அது கோளின் சுற்றுப்பாதை, உடற்கூறியலில் கண்குழி. தமிழில் இரண்டும் வேறு வேறு சொல்லாக இருப்பது நமக்கு வசதி. எந்திரமோ கண்குழி முறிவைச் ‘சுற்றுப்பாதை முறிவு’ ஆக்கிவிடலாம். பேச்சு வழக்கில் ‘கண்ணு குழி விழுந்துடுச்சு’ என்பதும் இந்த இடத்தைத்தான். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தையிடம் மருத்துவர் தேடும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

பாதி அளவு மாதிரி மேசை அலங்காரத்துக்குத்தான் ஆகும், அதில் ஈர்க்குச்சிகூட நுழையாது. பணம் இருந்தால் மண்டையோட்டின் 22 எலும்பும் தனித்தனி வண்ணத்தில் பிரியும் மாதிரியை வாங்குங்கள். கண்குழியைக் கட்டும் 7 எலும்புகளில் பாலடைன் (அண்ண) எலும்பின் பங்கு தரையின் பின்கோடியில் ஒரு சிறு துண்டுதான். ஒரே நிற மாதிரியில் அது கண்ணில் படாது.

அழுக்கானால் சோப்புத் தண்ணீரும் மென்மையான பல் துலக்கியும் போதும். தின்னரோ நகப்பூச்சு நீக்கியோ பட்டால் மாதிரியில் அச்சிட்ட எண்கள் அழிவதோடு மேற்பரப்பும் பிசுபிசுத்துவிடும்.